குனியாத காவலர்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பரமட்டாவில் ஒரு வங்கி வாசலில் அம்மா கால் தடுக்கி விழுந்தபோது, மிக அருகில் நின்றவர் அவர்தான். வங்கிப் பணத்தை வண்டியில் ஏற்ற வந்த ஆயுதக் காவலர். நெடிய மனிதர், நரைத்த தாடி. இடுப்புறையிலிருந்த கைத்துப்பாக்கியை ஒரு கையால் பொத்தியபடி சுவரோரம் ஒதுங்கினார். வாக்கி-டாக்கியில் உதவிக்கு ஆள் கேட்டார். குனியவேயில்லை.

"இவனெல்லாம் ஒரு மனிசனோ?" என்றேன் அம்மாவிடம், ஆத்திரத்தில்.

அவர் தமிழிலேயே பதில் சொன்னார். "தங்கச்சி, இடுப்பில துவக்கு இருக்கு. சனத்துக்குள்ள நான் குனியேக்க ஆரும் இதை இழுத்தெடுத்தா, பிறகு நடக்கிறதுக்கெல்லாம் நான்தான் சட்டப்படி பொறுப்பு." பிறகு குரலைத் தணித்தார். "அம்மா, பயப்படாதேங்கோ. ஆக்கள் வருகினம்."

"ஓம் தம்பி," என்றார் அம்மா.

சொன்னபடியே இருவர் ஓடிவந்து அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். அதைப் பார்த்த பிறகே அவர் வண்டியில் ஏறினார்.

வீடு திரும்பும்போது காரில் அம்மா சொன்னார்: "ஊரில சண்டைக் காலத்தில எத்தினை துவக்கைக் கண்டனான். துவக்கோட நிண்ட ஒருத்தர் என்னைப் பயப்படாதேங்கோ எண்டு சொன்னது இதுதான் முதல்தரம்."

தன் இடுப்பிலிருந்த துவக்குக்குத் தானே அஞ்சி நடந்த ஒருவரை நானும் அன்றுதான் கண்டேன்.