ஜெர்மன் கத்திரியும் கல் படாத இடமும்

பழைய சைக்கிள் சக்கரத்தோடு பூட்டி, காலால் மிதித்து ஓட்டிய சாணைக்கல் ஒன்று. பாலக்கரையில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று. அப்புறம் கரண்டு மோட்டார் சாணை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும், என்னைத் தவிர இன்னொருவன் கையில் கத்திரியைக் கொடுக்காத சலூன்கள் பதினேழு. இத்தனையும் மூணாங்கிளாஸோடு நின்றுபோன ஒருத்தன் உண்டாக்கியது. அந்த ஒருத்தன் நான்தான். நானே சொல்லிக்கொள்கிறேனே என்று சிரிக்காதீர்கள். சொல்ல வேண்டியவர் தெப்பக்குளத்துப் பக்கம் சலூன் வைத்திருந்தவர். அவர் மகன் இப்போது புது போர்டு மாட்டியிருக்கிறார்: 'சண்டைக் காலத்திலும் அசல் ஜெர்மன் கத்திரியால் சேவை செய்த சலூன்.' கத்திரிக்கு நன்றி. கத்திரியைக் காப்பாற்றியவனுக்கு ஒன்றுமில்லை.

நான் தொழிலில் இறங்கியபோது பாதித் தலைகளில் குடுமி. குடுமிக்குக் கத்திரி எதற்கு? சவரக்கத்தி போதும், அதை அவரவரே தோல்வாரில் தீட்டிக்கொள்வார்கள். கிராப்பு வந்தது, எனக்கும் சோறு வந்தது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் காவிரிப் பாலம் தாண்டி வந்து கிராப்பு வெட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பயந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அந்தத் துண்டுக்குள்ளே இருந்தது என் வேலைப்பாடு.

அரிவாள்மணைக்குச் சாணை பிடிக்கிறவர்கள் கத்திரியையும் வாங்கி இரண்டு பக்கமும் தேய்த்துத் தள்ளினார்கள். முடிவெட்டும் கத்திரிக்கு உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். அதைச் சமமாக்கினால் கத்திரி முடியை வெட்டாது, மடக்கிப் பிடித்து இழுக்கும். நாற்காலியில் இருப்பவர் எழுந்து நின்று திட்டுவார். நான் வெளிச்சரிவை மட்டும்தான் கல்லில் வைப்பேன். உள்ளே கல் படாது. அதனால் உள்ளே திருகாணிப் பக்கத்தில் இருக்கும் ஜெர்மன் முத்திரையும் அழியாது. என் கெட்டிக்காரத்தனமே எனக்கு வினையானது இங்கேதான்.

இரண்டாம் உலகச் சண்டை வந்ததும் சீமைக் கத்திரி வரத்து நின்றது. மற்ற சலூன்களில் கத்திரி முடியைக் கடித்தது. தெப்பக்குளத்தார் கடையில் மட்டும் பழசெல்லாம் பளபளத்தது. மனுஷர் சும்மா இருந்தாரா? 'புதிய ஜெர்மன் கத்திரிகள் வந்திருக்கின்றன' என்று வாசலில் போர்டு எழுதி வைத்தார். நாடே ஜெர்மனியோடு சண்டையில் இருக்கும்போது!

மூன்றாம் நாள் போலீஸ் ஏட்டு வந்து நின்றார். நான் தீட்டிய கத்திரிகளைக் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

"எதுங்க ஏட்டய்யா?" என்றார் சலூன்காரர்.

"கத்திரிதான். ஊரே ஜெர்மன்காரனோட சண்டை போடுது, உனக்கு மட்டும் பார்சல் அனுப்புறானோ?"

அவருக்கு வேர்த்துவிட்டது. "ஐயய்யோ, எல்லாம் பழசுங்க! இதோ உட்கார்ந்திருக்காரே, இவர் கைவேலைங்க. இவர் இல்லேன்னா இதெல்லாம் எப்பவோ பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்!"

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப முத்திரை மட்டும் எப்படிப் புதுசா இருக்கு?"

"கல் படாத இடம் எப்படிங்க தேயும்?" என்றேன். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

நம்பினாரோ இல்லையோ, நாற்காலியில் உட்கார்ந்து மீசை நுனியை வெட்டச் சொன்னார். ஒரு முடி இழுபடவில்லை. "போர்டை இறக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சலூன்காரர் இறக்கினார். மறுவாரமே 'புதிய' என்பதன் மேல் தாரைப் பூசி, மறுபடி ஏற்றினார்.

"என்னைப் பத்தி ஒரு வரி போடக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"சாணைக்காரரே, பழசைத் தீட்டினதுன்னு எழுதினா எவன் உள்ள வருவான்? நீங்க எங்க மனசுல இருக்கீங்க."

"உங்க மனசு ரோட்டுல போறவனுக்குத் தெரியுங்களா?"

சிரித்தார். சிரித்தே முப்பது வருஷம் ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மகனுக்குச் சொல்கிறேன். புதிதாக எதுவும் எழுத வேண்டாம். உங்க அப்பா போலீசுக்குப் பயந்து ஒரே ஒரு தடவை உண்மை சொன்னார். 'எல்லாம் பழசு, இவர் கைவேலை.' அதை அப்படியே போர்டில் ஜெர்மனிக்குக் கீழே போடுங்க, பக்கத்திலேயே என் பேரையும். பெயிண்ட்டும் பிரஷும் நான் கொண்டு வருகிறேன். என் பேரை நானே எழுதிவிடுவேன், அதற்கு மூணாங்கிளாஸ் போதும். நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டால் சரி.