குலுக்கிய குப்பி

இரணியலில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்தவர்மேல் முழுக்க சென்ட் வாசனை. வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் கையிலிருந்த மருந்துக் குப்பியைக் குலுக்குவார்.

"இது செல்லுக்க சுவிட்சைப் போடும் சாரே. தேஞ்ச மூட்டு புதுசா வளரும்."

மரபணுக்களை எழுப்பும் புரதம்தான் அந்தச் சுவிட்ச். அதை ரசாயனத்தால் இயக்குவதுதான் ஆய்வகத்தில் என் வேலை. அளவு பிசகினால் குருத்தெலும்பாக வேண்டிய செல் வேறு எதுவோ ஆகிவிடும் என்றேன்.

குலுக்கினார். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கிடும்."

"ஒங்க அம்மைக்கு மூட்டுவலி உண்டா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு சாரே. திருவனந்தபுரத்துல ஆப்பரேசன் பண்ணியாச்சு. இப்ப நல்லா நடக்கா."

இந்த மருந்தில் குணமானதாகப் பொய்யாவது சொல்லியிருக்கலாம். கூச்சமே இல்லாமல், பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்பிக் குப்பியைக் குலுக்கினார்.