மலர்விழி மாற்றிக் கொடுத்த புத்தகம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள அந்தப் புத்தகக் கடையில் மலர்விழி வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. வீடு ராசிபுரத்தில். காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராகக் குழந்தைகள் புத்தகப் பக்கத்துக்குத்தான் போவாள். அந்தப் பக்கம் அவளுடையது. முதலாளி வீரபாகு அதில் தலையிட மாட்டார். எந்தப் புத்தகம் வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது எல்லாம் மலர்விழி சொல்வதுதான்.

அவள் புத்தகம் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. கைக்குழந்தைக்கான கெட்டி அட்டைப் புத்தகம் வந்தால் முதலில் அதன் மூலையைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பாள். குத்தினால் வேண்டாம். ஈரத்துணியால் ஒரு பக்கத்தைத் தேய்ப்பாள். சாயம் போனால் வேண்டாம். குழந்தை அதை வாயில் வைக்காமல் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு என்றால் ஒரு வரியில் நான்கு சொல்லுக்கு மேல் இருக்கக் கூடாது. படத்தில் ஆடு நின்றால் வரியிலும் ஆடு என்றுதான் இருக்க வேண்டும். விலங்கு என்று இருந்தால் ஓரமாக வைத்துவிடுவாள். ஆத்தூரிலிருந்துகூட ஆட்கள் வந்து, "மலரக்கா இருக்காங்களா?" என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

போன வருடம் ஆடி முடிந்ததும் யுவஸ்ரீ வேலைக்கு வந்தாள். அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். வயது இருபத்து மூன்று. வந்த முதல் வாரமே தரையில் பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைக்கு வந்த பிள்ளைகளுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டத் தொடங்கினாள். கரடி மாதிரி உறுமினாள், தவளை மாதிரி கத்தினாள். பிள்ளைகள் அவள் மடியில் ஏறி விழுந்தார்கள். வீரபாகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து மலர்விழி பார்த்ததில்லை.

மலர்விழிக்கு வாய்விட்டு வாசிக்க வராது. நான்கு பேர் முன்னால் வாயைத் திறந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். இத்தனை வருடம் அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது தோன்றியது. யுவஸ்ரீ வாசிக்கும்போது அவள் அலமாரியை அடுக்கிக்கொண்டே எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவாள். யுவஸ்ரீ எடுத்துக் கொடுக்கும் புத்தகம் பொருத்தமாக இல்லாமல் போகாதா என்று காத்திருப்பாள். பெரும்பாலும் பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டிலும் அதே பேச்சு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் முருகானந்தம் தட்டிலிருந்து நிமிர்ந்து, "நீ புஸ்தகம் விக்கப் போறயா, இல்ல அந்தப் புள்ளைய வேவு பாக்கப் போறயா?" என்று கேட்டான். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கந்தவேல் வந்தார். வயது அறுபது நெருங்கும். வெண்ணந்தூர் பக்கம் தோட்டம். முப்பது வருடம் போர்வெல் ரிக் வண்டி ஓட்டி, வடநாடெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, வண்டியை விற்று ஊரோடு வந்து சேர்ந்தவர். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, பின் சீட்டில் சிவப்பு நிறச் சிப்பிப்பாறை நாய் ஒன்றை உட்காரவைத்திருந்தார். கடைக்குள் வந்து கூச்சத்தோடு நின்றார்.

"ஏனுங்க, நாய் வெளையாட்டுக்குப் புஸ்தகம் கெடைக்குமுங்களா?"

"நாய் வளர்ப்புங்களா?" என்றாள் மலர்விழி. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தீனி, தடுப்பூசி, உண்ணி நீக்குவது பற்றிய புத்தகம்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இல்லீங்க. போன்ல பாத்தனுங்க. நாய் கட்டையத் தாண்டுது, கொழாய்க்குள்ள பூந்து வருது, நட்டு வெச்ச குச்சிக்கு நடுவால வளஞ்சு வளஞ்சு ஓடுது. கூடவே ஆளும் ஓடறாங்க. போட்டியே வெக்கறாங்களாமா. நம்ம செவலைக்கும் பழக்கலாம்னு. தோட்டத்துல போருக்கு எறக்கற கேசிங் பைப்பு பழசு நெறயக் கெடக்குது. ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலீங்க" என்றார்.

மலர்விழி அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குள் யுவஸ்ரீ வந்துவிட்டாள்.

"எத்தன மாசக் குட்டிங்க ஐயா?"

"எட்டு முடிஞ்சுது சாமி."

"நீங்க இங்கிலீஷ் படிப்பீங்களா?"

"தமிழே எழுத்துக் கூட்டித்தான் கண்ணு. படம் போட்டதா இருந்தாத் தேவல. நம்பருன்னா எதுலயும் படிச்சுருவேன்."

யுவஸ்ரீ வெளியே போய் நாயைப் பார்த்தாள். அதன் தலையைத் தடவினாள். அது அவள் கையை நக்கியது. "புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குன்னே படம் போட்ட புத்தகம் இருக்குமுங்க. வரவெச்சுச் சொல்றனுங்க" என்றாள். கந்தவேல் போகும்போது அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

யுவஸ்ரீ விநியோகஸ்தரிடம் கேட்டு இரண்டு புத்தகங்களை வரவழைத்தாள். ஒன்று ஒல்லி, பக்கத்துக்குப் பக்கம் படம். பைப்பைத் தரையில் போட்டு நாயை நடக்கவிடுவதில் தொடங்கி, ஒவ்வொரு படியாகப் போயிற்று. மற்றொன்று செங்கல் கனம். பெரிய போட்டிகளின் விதிகள், தடைகளின் அளவுகள், மதிப்பெண் கணக்கு. ஒல்லிப் புத்தகத்தின் மேல், "கந்தவேல் ஐயாவுக்கு இது" என்று சீட்டு எழுதி ஒட்டிவைத்தாள். தடிமனானதைத் திருப்பி அனுப்பும் பெட்டியின் பக்கம் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை கௌசிக் வந்தான். ஐந்து வயது. அவனுக்கு ஆறு மாதம் ஆனபோது, கறுப்பு வெள்ளைப் படம் போட்ட அட்டைப் புத்தகத்தைத் தேர்ந்து கொடுத்தவள் மலர்விழி. அவன் முதன்முதலில் தானாகப் படித்த புத்தகமும் அவள் கொடுத்ததுதான். அன்றைக்கும் அவனுக்காக ஒன்றை எடுத்துவைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைத் தாண்டி ஓடிப் போய் யுவஸ்ரீயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அவன் அம்மா ரஞ்சனிக்குச் சங்கடமாகப் போயிற்று. "தப்பா நெனச்சுக்காதீங்க்கா. யுவா அக்கா படிச்சாத்தான் கேப்பேன்னு அடம் புடிக்கறான்."

"கொழந்தைதானுங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் செருகினாள் மலர்விழி. அன்று மாலை பஸ் மல்லூர் தாண்டும்வரை அவளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை யுவஸ்ரீ லீவு. அன்றைக்குப் பார்த்து கந்தவேல் வந்தார். "அந்தப் புள்ள புஸ்தகம் எடுத்து வெச்சிருக்கறேன்னு சொல்லுச்சுங்க."

மலர்விழி உள்ளே போனாள். சீட்டைப் படித்தாள். வட்டமான, அழகான கையெழுத்து. அதைக்கூட அவளால் பொறுக்க முடியவில்லை. சீட்டை உரித்தாள். தடிமனான புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கந்தவேல் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் பார்த்தார். "இம்மாந்தண்டி இருக்குதுங்களே. படமும் கம்மியா இருக்குது?"

"அந்தப் புள்ளதானுங்க இத எடுத்து வெச்சுது" என்றாள் மலர்விழி.

ஒல்லிப் புத்தகத்தைப் பெட்டியில் போட்டு அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டாள். என்ன ஆகிவிடும் என்று அப்போது நினைத்தாள். கிழவருக்குப் புரியாது, திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார், யுவஸ்ரீக்குக் கொஞ்சம் தலைகுனிவு. அவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு.

கந்தவேல் திரும்பிவர ஒரு மாதமாயிற்று. கார் பின் சீட்டில் செவலை படுத்திருந்தது. முன்னங்காலில் மாவுக்கட்டு.

அவர் சத்தம் போடவில்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்தார். "மருமகளப் படிச்சுச் சொல்லச் சொல்லி, இதுல இருக்கற அளவுக்கே பைப்ப அறுத்துக் கட்டினனுங்க. ரெண்டடிக்கு மேல. நல்லாத்தான் தாண்டுச்சு. நாலாவது நாள் எறங்கறப்பக் கால் மடங்கிப் போச்சு. எலும்பு முத்தாத குட்டிய இப்படித் தாண்டவுடலாமான்னு நாமக்கல்ல டாக்டர் திட்டறாருங்க. ஒண்ணுந் தெரியாதவன்னு சொல்லித்தானுங்க உங்ககிட்டக் கேட்டேன்."

வீரபாகு, அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்தது யார் என்று கேட்டுக்கொண்டு யுவஸ்ரீயைக் கூப்பிட்டார். பத்துப் பேர் பார்க்க, தெரியாத விஷயத்தில் ஏன் தலையிட்டாய் என்று கேட்டார். யுவஸ்ரீ புத்தகத்தைப் பார்த்தாள். "சீட்ட மாத்தி ஒட்டிட்டேனா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு காருக்குப் போய் நாயின் அருகே குனிந்து நின்றாள்.

மலர்விழி பில் புத்தகத்தைப் பார்ப்பது போல நின்றாள். நாயைப் பார்த்ததும் மனம் பதறியது உண்மை. ஆனால் வீரபாகு யுவஸ்ரீயைத் திட்டிய அந்த ஒரு நிமிடம், கோடையில் மோர் குடித்தது போல உள்ளுக்குள் குளிர்ந்ததும் உண்மை. பின்னால் அவள் மிகவும் வெட்கப்பட்டது அதற்காகத்தான்.

யுவஸ்ரீ தானாகவே பில் போடும் பக்கம் மாறிக்கொண்டாள். "எனக்குப் புத்தகம் எடுத்துக் குடுக்கத் தெரியலீங்க சார்" என்று வீரபாகுவிடம் சொல்லிவிட்டாள். பாயைச் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் பக்கம் மறுபடி மலர்விழியிடமே வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை கௌசிக் வந்தான். மலர்விழி நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்கு வாசித்துக் காட்ட முயன்றாள். இரண்டு பக்கம் கேட்டான். "யுவா அக்கா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றான். அவர்கள் இருந்த இடத்திலிருந்து பில் மேசை தெரியாது.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யுவஸ்ரீ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குச் சீட்டு எந்தப் புத்தகத்து மேல இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா? ஒல்லிப் புத்தகத்து மேல ஒட்டுனதாத்தான் எனக்கு ஞாபகம். ராத்திரி பகலா யோசிக்கறேன். தப்பாக்கூட ஒட்டியிருப்பேன்."

ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; தப்பு தன்னுடையது என்றே அந்தப் பெண் காலத்துக்கும் நம்பிவிடுவாள். மலர்விழி டிபன் பாக்ஸை மூடினாள்.

"நீ சரியாத்தான் ஒட்டுன. நாந்தான் உரிச்சுட்டு மாத்திக் குடுத்தேன்."

"ஏனுங்க்கா?"

"உம்மேல பொறாம."

யுவஸ்ரீ கோபப்படுவாள், அழுவாள் என்று மலர்விழி எதிர்பார்த்தாள். "நாய்க்குக் காலு போச்சுங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதன்பின் பல வாரம் அவளோடு பேசவில்லை.

மலர்விழி அன்றே வீரபாகுவிடம் சொன்னாள். அவர் நம்பவே நேரம் பிடித்தது. அவளை மாடியில் நோட்டுப் புத்தகப் பகுதிக்கு மாற்றினார். குழந்தைகள் பக்கத்தை யுவஸ்ரீயிடம் கொடுத்தார். பாய் கீழே இறங்கியது. கீழே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே மலர்விழி ரூல் போட்ட நோட்டுகளை அடுக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூர் போனாள். கந்தவேல் தோட்டத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை நின்றபடியே சொன்னாள்.

"தண்ணியில்லாத எடத்துல போர் போடச் சொல்லிப் பாயிண்ட் காட்டிட்டுப் போனவனுங்கள எத்தனையோ பேரப் பாத்திருக்கறனுங்க. ஒருத்தனும் திரும்பி வந்து தப்புன்னு சொன்னதில்ல. நீங்க வந்திருக்கறீங்க. அதுக்காக இதோட காலு நேராயிடாதுங்க."

"ஆமாங்க" என்றாள் மலர்விழி.

அந்த ஒல்லிப் புத்தகத்தை மீண்டும் வரவழைத்தாள். ஒவ்வொரு படத்தின் கீழும் இருந்த ஆங்கிலத்தை முருகானந்தத்தின் தங்கை மகளிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, தமிழில் எழுதிச் சீட்டுச் சீட்டாக ஒட்டினாள். எழுத்து பெரிதாக, ஒரு வரிக்கு நான்கு சொல்லுக்கு மிகாமல். "பைப்பைத் தரையில் போடுங்கள். நாய் தாண்டட்டும். உடனே தீனி கொடுங்கள்." இது அவளுக்குத் தெரிந்த வேலை. பதினான்கு வருடமாக மனதுக்குள் செய்துகொண்டிருந்த வேலை. குட்டிக்கு ஒன்றேகால் வயது ஆகும்வரை பைப்பை உயர்த்த வேண்டாம் என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதினாள்.

கட்டுப் பிரித்தபின் செவலை லேசாக நொண்டியது. இனி போட்டிக்கு ஆகாது, மெதுவாக நடந்து பழகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கந்தவேல் புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தைப் படித்தார். பைப்பைத் தரையில் உருட்டிவிட்டார். செவலை அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டியது.

"மருமக இல்லாம நானே படிச்சுட்டனுங்களே!" என்றார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "இதுல ஒண்ணு கடையிலயும் வெச்சீங்கன்னா என்னாட்டம் ஆளுங்களுக்கு ஆகும். அந்தப் புள்ளகிட்டயும் ஒரு வாட்டி காட்டுங்க. அதுக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

அந்தப் புள்ளகிட்டயும். மலர்விழிக்கு மறுபடி உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் இன்னொரு பிரதிக்குச் சீட்டெல்லாம் எழுதி ஒட்டி, கீழ்த் தளத்துக்கு எடுத்துப் போனாள். யுவஸ்ரீ பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கி நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"இந்த வரிய வாய்விட்டுப் படிச்சா மூச்சு வாங்குதுங்க்கா. ரெண்டாப் பிரிச்சுடலாம்."

மலர்விழி குனிந்து பார்த்தாள். நான்கு சொல்தான். ஆனால் நான்கும் நீளமான சொற்கள். பதினான்கு வருடமாகச் சொற்களை எண்ணியவள் கண்ணில் அது படவில்லை. யுவஸ்ரீ சொன்னதுதான் சரி. பழைய எரிச்சல் மறுபடி தலைதூக்கியது.

"பேனா குடு" என்றாள். வரியை அடித்துவிட்டு இரண்டாகப் பிரித்து எழுதினாள்.