ஆறாவது செவ்வாயும் அவிழாத முடிச்சும்

2023 நவம்பர் 9, வியாழக்கிழமை, மாலை ஐந்து ஐம்பது. தூறல். வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் என் மகன் கார்த்தி பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால், தூண் ஓரமாக, நான் குடையோடு நின்றிருந்தேன். எங்கள் ஊரில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.

கூப்பிட்டால் திரும்புவானா, திடுக்கிட்டுக் கால் தவறுவானா என்று தெரியவில்லை. கூப்பிடவில்லை. வாயில் வந்தது ‘தாயே’ என்ற ஒரு சொல்தான். ரயில் போயிற்று. பெட்டிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. அந்த நேரத்திலும் எண்ணினேனே என்று பிற்பாடு வெட்கப்பட்டேன். கடைசிப் பெட்டி போன பிறகும் அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தான். நான் தூண் மறைவில் ஒதுங்கிக்கொண்டேன். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. என் மனைவி சரோஜாவிடமும் சொல்லவில்லை. இப்போது அவன் சம்மதத்தோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாங்காட்டு அம்மனை நம்பி ஆறு வாரம் நடப்பவர்களே, எனக்கு வயது அறுபத்தொன்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். போல்ட், நட், வாஷர் எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இட்லி மாவு விற்கும் கஸ்தூரி, பாக்கெட்டைக் கொடுக்கும்போதே கேலி செய்வாள்.

“இன்னா சார், தராசு எட்டாந்து வச்சுகினியா? போன வாரம் பத்து கிராம் கொறச்சலுன்னு அம்மாகிட்ட சொன்னியாமே!”

கார்த்திக்கு முப்பத்தாறு வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தான். அந்த வருடம் ஜூன் மாதம், வெளிநாட்டில் மந்தம் என்று சொல்லி, பத்து நிமிடம் வீடியோவில் பேசி அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் ஒரு ஒப்பந்த வேலை கிடைத்தது. அதுவும் ஐந்து வாரத்தில் நின்றது. அதன் பிறகு எங்கே போனாலும் வயதையும் பழைய சம்பளத்தையும் கேட்டுவிட்டு, “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். வீட்டுக் கடன் தவணை மாதம் முப்பத்தோராயிரத்து இருநூறு. மருமகள் ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வாங்கும் சம்பளம் அதில் பாதிதான். மீதியை என் வைப்புத் தொகையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே இருந்தான். தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் பிரிக்கவில்லை.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. கையில் ஒரு பெட்டி. அதில் சத்துமாவு டப்பா, பற்பசை, ஒரு ஜாடி மூட்டுவலித் தைலம். அவனோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். டை கட்டியவர்கள் மேடையில் பேசியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

“அப்பா, ஒருத்தர் பதினாலாயிரத்து ஐந்நூறு கட்டிச் சேரணும். அவங்களுக்குக் கீழ இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர். ரெண்டே பேர்ப்பா. அந்த ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு பேர். அவ்வளவுதான். நாம தூங்கினாலும் காசு வரும்.”

நான் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. அவனுக்குக் கீழே இருபதாவது அடுக்கில் மட்டும் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு பேர் வேண்டும். எங்கள் குடியிருப்பில் இருப்பதோ இருபத்து நான்கு வீடுகள். இது நடக்காது என்று நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பெட்டியைப் பிடுங்கினால் அவன் எங்கே போவான் என்பதும் எனக்குத் தெரியும். மஞ்சள் கோடு கண்ணிலேயே நின்றது. இடது பக்கம் நான் சேர்ந்தேன், வலது பக்கம் சரோஜா.

“ஏங்க, கத்திரிக்காய்க்கு நாலு ரூபா கொறைக்கச் சொல்லிச் சண்டை போடுவீங்க. இதுக்கு வாயே திறக்கலையே?” என்றாள் அவள்.

“பையன் குளிச்சிட்டுச் சட்டை போட்டுக் கெளம்புறான் பாரு” என்றேன்.

நான் சேர்ந்ததுதான் வினையாயிற்று. “எங்கப்பாவே சேர்ந்திருக்கார்” என்பதை கார்த்தி போகிற இடமெல்லாம் சொன்னான். அவன் ஏமாற்றவில்லை, நம்பித்தான் சொன்னான். மாவுப் பாக்கெட்டையே நிறுத்துப் பார்க்கிற மனிதர் சேர்ந்திருக்கிறாரே என்று ஏழு பேர் சேர்ந்தார்கள். என்னோடு ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர், மாடி வீட்டு ரிட்டயர்டு ஆசிரியை, சரோஜாவின் சித்தப்பா மகன், இப்படி. அவர்களால் தங்களுக்குக் கீழே யாரையும் சேர்க்க முடியவில்லை. குடியிருப்பில் எனக்குப் ‘பவுடர் சார்’ என்று பெயர் வந்தது. காலையில் நடக்கிறவர்கள் என்னைக் கண்டால் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்கள். அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று கார்த்தி அறுபத்திரண்டாயிரத்துக்குச் சரக்கு எடுத்தான். கட்டிலுக்கு அடியில் டப்பா, அலமாரிக்கு மேல் டப்பா. மார்ச் ஐந்தாம் தேதிக்குள் இன்னும் ஒரே ஒரு ஆள் சேர்த்தால் படி ஏறலாம், ஏறினால் மாதச் சம்பளம் மாதிரி வரும் என்று மேடையில் பேசிய டைக்காரர் ஒருவர் தினமும் போனில் சொன்னார்.

எனக்கு ராத்தூக்கம் போயிற்று. சொன்னால் பிள்ளை போய்விடுவானோ என்று பயம். சொல்லாவிட்டால் ஊர்ப் பணம் போகும். யாரிடம் கேட்பது? ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை, இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு மாங்காட்டுக்குக் கிளம்பினேன். எலெக்ட்ரிக் டிரெயினில் ஆவடி, அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு பழத்தை அவள் வைத்துக்கொள்கிறாள், ஒன்றை நம் கையில் திருப்பித் தருகிறாள். வரிசையில் என் வேண்டுதலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ‘தாயே, நான் சொல்லாமலே அவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகும் அவன் எனக்கு இருக்க வேண்டும்.’ இரண்டு கேட்கிறோமே, ஒன்றுதான் கேட்கலாமோ என்று கவலைப்பட்டேன். எந்த ஒன்றை விடுவது என்று தெரியாததால் இரண்டையும் கேட்டேன்.

ஐந்து செவ்வாய் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வாரம் சன்னிதியில் அழுதுவிட்டேன். பின்னால் நின்ற அம்மா ஒருவர், “நகருங்க பெரியவரே, எல்லாருக்கும்தான் கஷ்டம் இருக்கு” என்றார். அதுவும் சரிதான் என்று நகர்ந்தேன்.

மார்ச் 5, ஆறாவது செவ்வாய். நல்ல வெயில். காய்ச்சின பாலில் தேன் விட்டு எடுத்துப் போய் நைவேத்தியம் செய்துவிட்டு, இரண்டே காலுக்கு வீடு திரும்பினேன். கூடத்தில் கஸ்தூரி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கார்த்தி. நடுவில், சேருவதற்கான விண்ணப்பத் தாளுக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

அந்தக் கடைசி ஆள் அவள்தான்.

“வா சார்” என்றாள். “நானும் உன் கம்பெனிதான் இனிமே. தம்பி சொல்லிச்சு. நான் இன்னாத்தைக் கண்டேன்? சார் சேந்துகீறாருன்னா கணக்கு சரியாத்தான் கீதும்னு வந்துட்டேன்.”

“இது என்ன துணி கஸ்தூரி?” என்று சரோஜா கேட்டாள்.

“திருவேற்காட்டு அம்மாளுக்கு முடிஞ்சு வச்சதும்மா. எங்க ஊட்டுக்காரரு ஆட்டோ கவுந்து கால் ஒடஞ்சுதே, அன்னிக்கு ஒரு ரூபா முடிஞ்சேன். அப்பாலிக்கா மாவு வித்ததுல அப்பப்ப நோட்டைச் சுருட்டி, முடிச்ச அவுக்காமலே இடுக்குல சொருகிக்கினு வந்தேன். ஆடிக்குக் கூழு ஊத்தி, மீதிய உண்டியல்ல போடணும். அம்மாகிட்ட சொல்லிட்டேன். கடனாத்தான் எடுக்கறேன், ஆடிக்குள்ள ரெட்டிப்பாக் குடுத்துடறேன்னு.” பிறகு கார்த்தியைப் பார்த்து, “நீயே அவுத்து எண்ணிக்கோ நைனா. என் கையில மாவு” என்றாள்.

சாமிக்கு முடிந்த காசைத் தொடக்கூடாது என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பசித்தாலும் தொட மாட்டார்கள். கார்த்தி சின்ன வயதில், என் தொழிற்சாலையில் நாற்பது நாள் கதவடைப்பு நடந்தபோது, எங்கள் வீட்டு முடிச்சும் அப்படியே ஆணியில் தொங்கியது. அரிசி கடன் வாங்கினோம், அதை அவிழ்க்கவில்லை. அது அவனுக்கு ஞாபகம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அவன் முடிச்சை எடுத்தான். வருஷக்கணக்கில் மஞ்சள் தண்ணீர் பட்டு அது கெட்டிப்பட்டிருந்தது. நகத்தால் நெம்பினான். விரல் மஞ்சளானது. இன்னொரு தரம் நெம்பினான். நடுவில் போன் அடித்தது, டைக்காரர். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, முகம் நிமிராமல் கேட்டான்.

“அப்பா, நீங்க மொத நாளே கணக்குப் போட்டிருப்பீங்களே.”

கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தேன்.

“அக்கா காசு திரும்பி வருமாப்பா?”

ஆறு வாரமாக எந்த வார்த்தையைத் தொண்டையில் வைத்திருந்தேனோ, அதை அவனே கேட்டு வாங்கினான். “வராதுப்பா” என்றேன். “யார் காசும் வராது.”

கஸ்தூரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இன்னாத்துக்கு சார் நீ சேந்தே?” என்றாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நல்ல வேள, அம்மாவே அவுக்க வுடல” என்று சொல்லிக்கொண்டே போனாள். கார்த்தி விரலைக் கழுவாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் கேட்டதில் முதல் பாதி நடந்துவிட்டது. இரண்டாவது பாதியை நினைத்து உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஐந்தரைக்கு அவன் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனான். நான் கைக்குக் கிடைத்த குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம்தான் திரும்பினான். ‘தாயே, ஒன்று கொடுத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளாதே’ என்று சொல்லிக்கொண்டே படி ஏறினேன்.

அவன் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தூண் ஓரம் நின்றேன். திரும்பாமலே, தரையில் விழுந்த என் நிழலைப் பார்த்துச் சொன்னான்.

“குடை எதுக்குப்பா? வெயில் அடிக்குது.”

குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“அன்னிக்கும் வந்தீங்க. தெரியும். அந்தத் தூண்கிட்டதானே நின்னீங்க? நீங்க நிக்கிறீங்கன்னு தெரிஞ்சதாலதான் திரும்பினேன்.” பக்கத்தில் இடத்தைத் தட்டினான். “வாங்க, உக்காருங்க. கால் வலிக்கும்.”

உட்கார்ந்தேன். எக்ஸ்பிரஸ் ஒன்று போயிற்று. பெட்டிகளை நான் எண்ணவில்லை. அவன் கை என் கைக்குள் இருந்தது, விரலில் மஞ்சளோடு. அன்று காலை பாலும் தேனும் வாங்கிக்கொண்டவள்தான் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டாள் என்று நான் நம்புகிறேன். மஞ்சள் காய்ந்தால் துணி இறுகும் என்று நீங்கள் சொல்லலாம். இறுகும்தான். அது எந்த நாளில், யார் கையில் இறுக வேண்டும் என்பதை யார் முடிவு செய்தது?

ஏழு பேர் பணத்தையும் நானும் அவனும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். என் ஸ்டோர்ஸ் நண்பர் கிரில் கதவைத் திறக்காமல் கம்பி வழியாகவே வாங்கிக்கொண்டார். இன்னும் பேசவில்லை. அந்த நிறுவனம் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஜூலையில் கார்த்திக்கு ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி அறையில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. தவணைக்கு இன்னும் இழுபறிதான். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அவன் வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலுக்குப் போகிறேன். ஆனால் இப்போது அவனே போன் செய்து, “ஆவடி தாண்டிட்டேன்ப்பா, குடை வேணாம்” என்கிறான். ஆடியில் கஸ்தூரி கூழ் ஊற்றினாள். கார்த்தி அண்டாவைத் தூக்கிக் கொடுத்தான். ‘பவுடர் சாருக்கு’ முதல் சொம்பு கொடுக்கச் சொன்னாள்.

கையாலாகாமல் நிற்கிறவர்களே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய வார்த்தை எதுவும் இல்லை. நானும் கடைசி வரை ஒன்றும் செய்யவில்லை, பின்னால் போய் நின்றதைத் தவிர. சொல்லத் தெரியாததை அவளிடம் கொண்டுபோய் வையுங்கள். இரண்டாகக் கேட்க வேண்டியிருந்தால் இரண்டாகவே கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்வதில்லை. கேட்டுவிட்டு உங்கள் பிள்ளைக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

கடைசியாகக் கூட்டிப் பார்த்தேன். நாங்கள் மூவரும் கட்டியது, கட்டிலுக்கு அடியில் இன்னும் இருக்கும் சரக்கு, ஏழு பேருக்குத் திருப்பிக் கொடுத்தது, கல்யாண மண்டபக் கூட்டத்துக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம், ஆறு செவ்வாய்க்கும் ரயில், பஸ், ஆட்டோ, பன்னிரண்டு எலுமிச்சம்பழம், பால், தேன் எல்லாம் சேர்த்து, கமிஷனாக வந்ததைக் கழித்து, என் மகன் என்னிடம் திரும்பி வர ஆன செலவு: ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.