நடுக்கம் பிடித்த கண்ணாடி

என் மாமியார் தன் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருப்பது இதுதான்: மருமகள் வெள்ளைக்காரருக்குக் கண்ணாடி திருப்பிக் கொடுக்கிறாள். முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடம். அங்கே எக்ஸ்ரே ஒளிக்கற்றையைத் திசை திருப்பி, ஆராயும் பொருளின் மேல் விழவைக்க ஆள் நீளத்தில் ஒரு கண்ணாடி. அதை மயிரிழையிலும் குறைவாகத் திருப்புவது ஒரு மோட்டார். மோட்டாருக்கு உத்தரவு போடுவது ஒரு பெட்டி. பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுகிறார்கள். அங்கே ஒருவர் கம்பிகளைச் செருகுவார்; நான் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் பெட்டிக்குப் புத்தி சொல்வேன்.

பழைய பெட்டி சொன்ன இடத்துக்குப் போகும், நிற்கும், அதோடு சரி. புதியது அதிமேதாவி. கண்ணாடி எங்கே நிற்கிறது என்று ஓயாமல் அளந்து பார்க்கும். துளி விலகினாலும் இழுத்துச் சரிசெய்யும். இதையெல்லாம் வாய் கிழியப் பேசி அவர்கள் தலையில் கட்டியவள் நான்தான். மாட்டிய நாளிலிருந்து கண்ணாடிக்கு நடுக்கம். கொஞ்சம் இந்தப் பக்கம், ஐயோ கூடிவிட்டது, கொஞ்சம் அந்தப் பக்கம். கல்யாண வீட்டில் மணவறைச் சோடனையை நேராக்கிக்கொண்டே நிற்கும் சித்தப்பா மாதிரி. பெட்டிக்குக் கொடுக்கும் இலக்கங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நடுக்கத்தின் வேகம்தான் மாறியது.

மாமி யாழ்ப்பாணம். நான் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தேநீரோடு வந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவுக்காரரை விசாரிப்பதுபோல் கேட்பார்.

"என்ன பிள்ளை, கண்ணாடிக்கு இண்டைக்கு எப்பிடி?"

"இன்னும் நடுங்குது மாமி."

"காய்ச்சலோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்குப் பொறுப்பான விஞ்ஞானி மிக மரியாதையான மனிதர். அந்த ரகம்தான் ஆபத்து. வெள்ளிக்கிழமைக்குள் நடுக்கம் நிற்காவிட்டால் பழைய பெட்டியையே திரும்ப மாட்டிவிடுவதாகவும், என் உழைப்புக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். நன்றி என்றால் வேலை போனது என்று அர்த்தம். பிறகு கொழும்பில் வேலை, அங்கேயே ஓர் அறை, சனிக்கிழமை கண்டி ரயிலில் தொங்கிக்கொண்டு வருவது, ஞாயிறு திரும்புவது. அந்த வாழ்க்கையை ஒரு வருடம் வாழ்ந்திருக்கிறேன். வாசலில் நான் வந்து நின்றால் என் மகள் மாமியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கூப்பிட்டால் வரமாட்டாள். இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கடைசியாக ஓர் இலக்கத்தை மாற்றப் போனேன். கரண்ட் போய்விட்டது; கூடவே இணையமும்.

"கரண்ட் போச்சு மாமி!"

"ஓம், தெரியுது. ஃபானும் நிண்டிட்டுது."

கண்ணாடிக்கு ஆபத்தில்லை. என் இணைப்பு அறுந்தால் பெட்டி தானாகவே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆளில்லாமல் ஓடக்கூடாது என்று நானே வைத்த பாதுகாப்பு அது. ஆபத்து எனக்குத்தான். மழையையும் மின்சாரத்தையும் எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் திட்டித் தீர்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. விஞ்ஞானி. நன்றி சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"என்ன செய்தீர்கள்?" என்றார். "ஒளி அப்படியே நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு பொட்டும் அசையவில்லை. எதை மாற்றினீர்கள்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் ஓய்ந்ததும் கண்ணாடியைத் தாங்கும் திருகாணியே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. யாரும் பிடித்திருக்கத் தேவையே இல்லை. இத்தனை நாள் நானும் என் அதிமேதாவியும் சேர்ந்துதான் அந்தப் பாவப்பட்ட கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது. அளவில்லாத சந்தோஷமாகவும் இருந்தது. பெரிய பெரிய சொல்லாகப் போட்டு ஒரு விளக்கம் கொடுத்திருக்கலாம், நம்பியும் இருப்பார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"எங்கள் ஊரில் மின்சாரம் போய்விட்டது" என்றேன்.

அவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "எப்போது திரும்பி வரும்?"

வந்தது. போய்ச் சேர், நின்றபின் மோட்டாரை அணை, கூப்பிடும்வரை தூங்கு என்று பெட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். புதிய பெட்டியே இருக்கட்டும், மற்றக் கண்ணாடிகளையும் நீங்களே பாருங்கள் என்று பதில் வந்தது.

அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது மகள் மேசையில் ஏறி மடிக்கணினியை இழுத்தாள். பலமாக ஏசிவிட்டேன். மாமி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அழுதுகொண்டே என் மடியில் ஏறி, என்னிடமே முறையிட்டாள்.

"அம்மா, அம்மா ஏசிட்டாங்க."