முழங்கால் வலிக்காரி ஆற்றில் குதித்தாள்

இன்று டென்மார்க்கின் சில்க்போர்க்கில், எங்கள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களுக்கான கோடைப் படகு விருந்து. பாட்டு, சாப்பாடு, நடுவில் ஆற்று நீச்சல்.

எங்களுக்குள் தமிழர் என்றால் நானும் வசந்தியும்தான். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. வருடா வருடம் டேனிஷ்காரர் எல்லாரும் தண்ணீரில் குதிக்க, நாங்கள் அவர்களுடைய துவாய்களுக்குக் காவல் இருந்து, நான் சுட்டுக்கொண்டு போகும் ரோல்ஸைச் சாப்பிட்டபடி கதைத்துக்கொண்டிருப்போம்.

இன்றும் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். வசந்தி மேற்சட்டையைக் கழற்றினாள்.

உள்ளே நீச்சலுடை!

"என்னடி இது?"

"கோவிக்காதை. செவ்வாய்க்கிழமையில நீச்சல் பழகப் போனனான்."

செவ்வாய்க்கிழமை! முழங்கால் வலி, பிசியோதெரபிக்குப் போகவேணும் என்று அழாக்குறையாகச் சொன்னாளே! குளிர்காலம் முழுக்க அவளுடைய செவ்வாய் மாலை வேலையைச் செய்தவள் நான். முழங்காலில் தேய்க்க எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவளும் நான்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ சிரிச்சுச் சிரிச்சே என்னை நிப்பாட்டிப் போடுவாய்."

சொல்லிவிட்டு, அந்த இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு கட்டிப் பிடித்தபடி குதித்தாள். படகே கைதட்டியது.

"வாடி, தண்ணி நல்லாயிருக்கு!" என்று கீழே இருந்து கூப்பிடுகிறாள்.

நான் துவாய்களோடு தனியாக இருந்து, அவளுடைய பங்கு ரோல்ஸையும் சாப்பிட்டு முடித்தேன்.

வருகிற செவ்வாயிலிருந்து எனக்கும் முழங்கால் வலி. வசந்தி, என் வேலையை நீ பார்.

நல்ல பிசியோ தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நீச்சல் குளம் உள்ள இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.