மாமா ரிட்டயர் ஆன வருஷம்

நாற்பது வயதில் வேலையை விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு கால்மேல் கால் போட்டுச் சாப்பிட வேண்டும் என்று இப்போது இளசுகள் பேசுவதைக் கேட்டால் எனக்கு இடது காது வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது. என் வீட்டுக்காரர் அப்படி விட்டவர்தான். கையில் காசில்லாமல் அல்லாடினார் என்று நினைத்துவிடாதீர்கள். காசு நிறையவே இருந்தது. அடிதடி அத்தனையும் அதற்குப் பிறகுதான்.

அவர் என் தாய்மாமன் மகன், நாகரசம்பட்டிக்காரர். சின்ன வயதிலிருந்து 'மாமா' என்று கூப்பிட்ட வாய், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே கூப்பிட்டது. ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். சூளகிரியில் வீடு கட்டியிருந்தோம். பிள்ளை இல்லை. குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். ஆனால் எனக்கு ஒரு ரூபாய் வேண்டுமென்றாலும் அவரிடம் கேட்க வேண்டும். "கேளு, தர்றன். நான் என்னா இல்லன்னா சொல்றன்?" என்பார். இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அது உண்மை. ஒருமுறை பல் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகக் காசு கேட்டேன். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸை எடுத்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றைக்கே வேலைக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். மாமா சிரித்தார், தடுக்கவில்லை. அவருக்கு முதல் ஷிஃப்ட் என்றால் எனக்கு இரண்டாவது. நான் பஸ் ஏறப் போகும்போது அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகம் பார்த்துக்கொண்டோம். சண்டை போட நேரம் ஏது?

பிறகு அவருடைய கம்பெனியில் வி.ஆர்.எஸ்., அதாவது பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு முன்கூட்டியே ஓய்வு பெறும் திட்டம், கொடுத்தார்கள். மற்றவர்கள் பயந்தார்கள், மாமா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். வந்த பணத்தில் ஊரில் ஒரு மாந்தோப்பு, ஒரு பழைய ஜீப், மிச்சம் பேங்கில். வட்டியே ரெண்டு பேருக்கும் போதும். "இனிமே நான் ரிட்டயர்டு" என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கேதான் எவனோ வாயை வைத்திருக்கிறான். "என்னாப்பா, பொண்டாட்டி ஷிஃப்டுக்குப் போறா, நீ உக்காந்து திங்கறயா?"

தீர்ந்தது கதை. சொந்தக் காசில் உட்கார்ந்து சாப்பிடும் மனுஷனை, பெண்டாட்டி சம்பளத்தில் தின்கிறவன் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ரிட்டயர் ஆனதை ஊர் நம்ப வேண்டுமென்றால் நான் வேலையை விட வேண்டும். அதற்கு வேறு வழியே அவருக்குத் தெரியவில்லை.

"நின்னுடு" என்றார். மாட்டேன் என்றேன். அறைந்தார். அதுவரை என்மேல் கை வைத்தவரே இல்லை. மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தார். மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடினேன். ரத்தம் உப்புக் கரித்தது, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது அவர் ரத்தம் என்று உறைத்தது. அடுத்த வாரம் பெல்ட். அதற்கடுத்து நான் குழவிக்கல்லைத் தூக்கினேன், அவர் காலில் போட்டேன். நொண்டிக்கொண்டே வந்து மறுபடி அடித்தார். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அவருதான் வச்சிக் காப்பாத்தறன்னு சொல்றாரே, உனக்கென்னாடி கேடு?" என்றாள். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள், அண்ணன் மகனாயிற்றே. எனக்கு எரிச்சலில் அழுகைகூட வரவில்லை.

டிரெய்னிங் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. சொல்லாமல் ஒரு நாள் லீவு போட்டாலும் பெயரை எடுத்துவிடுவோம், போடாவிட்டால் பர்மனென்ட் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மாமாவுக்கும் அது தெரியும். அவரும் கம்பெனியில் வேலை பார்த்தவராச்சே! யூனிஃபார்ம் கோட்டு இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள் என்பதும் தெரியும். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் ரெண்டு நீலக் கோட்டும் வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருக்கின்றன. மாமா பக்கத்தில் நின்று குச்சியால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

கோட்டு இல்லாமலே பஸ் ஏறினேன். ஜீப் பின்னாலேயே வந்தது.

மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் ஷிஃப்ட் மாறும். முதல் ஷிஃப்ட் பெண்கள் வெளியே வருவார்கள், நாங்கள் உள்ளே போவோம். பஸ்ஸிலிருந்து காலை வைத்ததும் மாமா முடியைப் பிடித்தார். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்த இழுப்பில் விரல் தோட்டில் மாட்டி, இடது காது மடல் கிழிந்து, தோடு அவர் கையோடு போய்விட்டது. கழுத்தெல்லாம் சூடாக வழிந்தது. "பிட்ரீ, அவளன்ன பிட்ரீ!" விடுங்க, விடுங்க என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு வந்தவள் என் லைனில் வேலை செய்தவள், முதல் ஷிஃப்ட் முடித்து வருகிறாள். கத்தியதோடு நிற்கவில்லை, டிபன் கேரியரால் அவர் தோளில் போட்டாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். எவர்சில்வர் கேரியர் எலும்பில் படும் சத்தம் இருக்கிறதே! எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது. வாட்ச்மேன் வந்து பிரித்துவிட்டபோது மாமா வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டாள். வியர்வையில் ஈரமாக இருந்தது. "போ, கார்டப் பஞ்ச் பண்ணு" என்றாள். முதலுதவி அறையில் கட்டுப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு என்றார்கள். போனால் திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு லைனில் உட்கார்ந்தேன். இரண்டு போர்டு வீணாகிவிட்டது, சூப்பர்வைசர் திட்டினார். அந்தத் திட்டுகூட எனக்கு இனித்தது.

வீட்டுக்குத் திரும்பினால் கதவு உள்ளே தாழ். "அந்தக் கோட்டக் கழட்டி வெளிய போடு, தொறக்கறன்" என்றார் மாமா உள்ளேயிருந்து. நான் வாசலில் கிடந்த ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கி ஜீப்பின் முன்கண்ணாடியில் போட்டேன். அது போதவில்லை. கம்பி ஒன்றை எடுத்து இரண்டு லைட்டையும், பக்கக் கண்ணாடிகளையும் அடித்து நொறுக்கினேன். தெருவே கூடிவிட்டது.

மறுநாள் காலை, மாமா கொடுத்த புகாரில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "புருஷன் வண்டிய பொண்டாட்டி ஒடச்சா கேஸாய்யா? ரெண்டும் ஒரே காசுதான. கூட்டிக்கிட்டுப் போ."

மாமாவும் பெரிய மனுஷன்போலத் தலையாட்டினார். "நான் மன்னிச்சிட்டன் சார். காசுக்கு ஒண்ணும் கொறையில்ல. அவ வேலைய வுட்டுட்டு வூட்ல இருந்தா போதும்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. என் காது தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் என்னை மன்னிக்கிறாராம்!

"யாரும் மன்னிக்க வேணாம் சார். ஒடச்சது நானு, காச நான் கட்டறன். என் காதக் கிழிச்சதுக்கு நீங்க கேஸ எழுதுங்க."

எஸ்.ஐ. சிரிப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அங்கிருந்து நேராக ஷிஃப்டுக்குப் போனேன். அன்று முதல், கோட்டு கொடுத்தவளின் அறையில்தான் தங்கினேன்.

பர்மனென்ட் ஆன பிறகு வந்த முதல் சம்பளத்தை எடுத்துக்கொண்டு சூளகிரிக்குப் போனேன். மாமா டீக்கடையில் இருந்தார். அவர் கையில் பணத்தை வைத்தேன்.

"என்னாடி, எங்கிட்டயே காசு காட்டறயா?"

தட்டிவிட்டார். நோட்டுகள் மண்ணில் விழுந்தன. பொறுக்கி மறுபடி வைத்தேன். மறுபடி தட்டினார், இந்தத் தடவை என் கையில் அடி விழுந்தது. மறுபடி பொறுக்கினேன்.

"ஜீப்புக் கண்ணாடிக்கு, லைட்டுக்கு. எண்ணிப் பாத்துக்குங்க மாமா."

நோட்டுகளை வாங்கி மண்ணைத் தட்டினார். பிறகு எண்ணினார். சரியாக இருந்தது, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்மேல் கை வைக்கவில்லை. வைப்பதற்கு நான் அந்த வீட்டில் இல்லை.